குழந்தை ‘வெயிட் கம்மி’ என்று ஸ்கேனில் வந்தால்: அடுத்தடுத்து என்ன பார்க்க வேண்டும், எப்போது முடிவெடுக்க வேண்டும்

ஸ்கேன் அறையிலிருந்து வெளியே வரும் பெண்ணின் கையில் நாலு பக்க ரிப்போர்ட். அதில் நாற்பது எண்களாவது இருக்கும். வீட்டார் கண்ணில் படுவது ஒன்றுதான்: ‘32 வாரம், எடை 1,580 கிராம்.’ “என்னம்மா, எட்டாம் மாசத்துல ஒன்றரைக் கிலோதானா?” என்று அம்மா பதறுவார். “எம்மகனும் ரெண்டேகால் கிலோதான் பொறந்தான், இப்ப கல்லு மாதிரி இல்லையா?” என்று மாமியார் ஆறுதல் சொல்வார். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் உண்டு. அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து யார் பேச்சு சரி என்று சொல்லிவிட முடியாது.

சின்னக் குழந்தை வேறு, வாடுகிற குழந்தை வேறு. சின்னதாகவே பிறக்க வேண்டிய குழந்தையும் உண்டு. மூன்று கிலோவுக்கு வளர வேண்டியது, தாயிடமிருந்து வரும் சத்து வரத்து குறைந்து இரண்டு கிலோவில் நின்றுவிடுவதும் உண்டு. தராசில் இரண்டும் ஒன்றுதான். ஸ்கேனின் வேலை இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவது. அதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை, மேலே சொன்ன 1,580 கிராம் ரிப்போர்ட்டையே கையில் வைத்துக்கொண்டு பார்ப்போம். அது உதாரணத்துக்காக நான் எழுதிக்கொண்ட ரிப்போர்ட்.

முதலில் தேதி

எடையைப் பார்ப்பதற்கு முன் வாரத்தைப் பாருங்கள். 32 வாரம் என்று யார் சொன்னது? கடைசி மாதவிடாய்த் தேதியா, ஆரம்பகால ஸ்கேனா?

28 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய் வரும் பெண்ணுக்கு 14-ஆம் நாள் வாக்கில் கரு முட்டை வெளியாகும். நீர்க்கட்டிப் பிரச்சினையால் 40 நாளுக்கு ஒருமுறை வருபவருக்கு அது 26-ஆம் நாள் வாக்கில்தான் நடக்கும். அவருடைய குழந்தை காலண்டர் கணக்குக்கு 12 நாள் இளையது. வயிற்றில் நன்றாகவே வளர்ந்திருக்கும். ரிப்போர்ட்டில் மட்டும் ‘வளர்ச்சி குறைவு’ என்று வரும். இப்படி வருகிற பொய் எச்சரிக்கைகள் கொஞ்சநஞ்சமல்ல.

இதைத் தீர்க்கும் ஆதாரம் 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் என்.டி. ஸ்கேன். அதில் குழந்தையின் தலையுச்சியிலிருந்து புட்டம் வரையிலான நீளத்தை, அதாவது சி.ஆர்.எல்.-ஐ அளப்பார்கள். அந்தப் பருவத்தில் எல்லாக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வளர்கின்றன என்பதால் நாள் கணக்கு துல்லியமாக வரும். அந்த ஸ்கேனில் நிலைநிறுத்திய பிரசவத் தேதிதான் கடைசி வரைக்கும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ஊரில் ஒவ்வொரு ஸ்கேன் ரிப்போர்ட்டும் புதிதாக ஒரு பிரசவத் தேதியை அச்சடித்துக் கொடுக்கிறது. எட்டாம் மாத ஸ்கேனில் குழந்தை இரண்டு வாரம் சின்னதாகத் தெரிந்தால், இயந்திரம் தேதியையே இரண்டு வாரம் தள்ளிப் போட்டுவிடும். வீட்டிலும் “தேதி தள்ளிப் போயிருக்கு” என்று நிம்மதியாகிவிடுவார்கள். உண்மையில் நடந்தது என்ன? குழந்தை வாடியதைக் காட்டிய ஒரே அறிகுறியைத் தேதியை மாற்றி அழித்துவிட்டோம். என்.டி. ஸ்கேனில் தேதி உறுதியாகியிருந்தால், அதற்குப் பிறகு வரும் எந்த ரிப்போர்ட்டின் தேதியையும் பார்க்காதீர்கள்.

ஆரம்ப ஸ்கேனே இல்லை, மாதவிடாய்த் தேதியும் நினைவில் இல்லை என்றால்? தலையின் சுற்றளவையும் சிறுமூளையின் குறுக்களவையும் வைத்து ஓரளவு ஊகிக்கலாம். வாட்டம் வந்தாலும் அவை இரண்டும் கடைசியில்தான் பாதிக்கப்படும். ஆனால் தீர்ப்பை இரண்டு வாரம் கழித்து எடுக்கும் மறு ஸ்கேனிடம் விட்டுவிடுவதே நல்லது.

எடை என்பது கணக்கு, அளவை அல்ல

வயிற்றுக்குள் தராசு வைக்க முடியாது. தலையின் குறுக்களவு, தலைச்சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பு நீளம் ஆகிய நான்கையும் அளந்து, ஹேட்லாக் சூத்திரத்தில் போட்டு இயந்திரம் எடையைச் சொல்கிறது. இதில் 10 முதல் 15 சதவீதம் வரை முன்பின் இருப்பது சகஜம். 1,580 கிராம் என்றால் உண்மையில் 1,400-ஆகவும் இருக்கலாம், 1,750-ஆகவும் இருக்கலாம்.

ஹேட்லாக் அட்டவணைப்படி 32 வாரத்தில் நடுமதிப்பு ஏறத்தாழ 1,950 கிராம், 10-வது சென்டைல் ஏறத்தாழ 1,620, 3-வது சென்டைல் ஏறத்தாழ 1,465. 10-வது சென்டைல் என்றால், அதே வாரத்தில் உள்ள 100 குழந்தைகளை எடைப்படி வரிசையில் நிறுத்தினால் கீழிருந்து பத்தாவது இடம். நம் 1,580 பத்துக்குக் கீழே, மூன்றுக்கு மேலே. 10-க்குக் கீழே இருந்தால் ‘சிறியது’ என்று பெயர். நோய் என்று அர்த்தமில்லை. 3-க்குக் கீழே இருந்தால் வேறெதுவும் பார்க்காமலே வளர்ச்சிக் குறைபாடு என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

நான்கு அளவுகளில் முக்கியமானது ஏ.சி. என்று எழுதும் வயிற்றுச் சுற்றளவு. காரணம் கல்லீரல். வயிற்றை நிறைத்துக்கொண்டிருப்பது அதுதான்; வரத்து குறையும்போது முதலில் சேமிப்பைக் கரைத்துச் சுருங்குவதும் அதுதான். தலை சரியாக இருந்து வயிறு மட்டும் பின்தங்கினால் கவனிக்க வேண்டும். ஆனால் நால்வரில் தவறாக அளக்கப்படுவதும் ஏ.சி.-யே. படத்தைப் பார்க்க முடிந்தால் பாருங்கள்: வயிறு வட்டமாக இருக்க வேண்டும், இரைப்பை ஒரு கறுப்புக் குமிழியாகத் தெரிய வேண்டும், தொப்புள் சிரை கல்லீரலுக்குள் வளையும் இடம் தெரிய வேண்டும், சிறுநீரகம் தெரியவே கூடாது. நீள்வட்டமாக, விலா எலும்புகள் வரிசையாகத் தெரிந்தால் வெட்டு சாய்ந்துவிட்டது. அந்த ஒரு சாய்வே குழந்தையின் எடையை நூறு, இருநூறு கிராம் மாற்றிவிடும்.

எந்த அட்டவணை என்பதிலும் சண்டை உண்டு. ஹேட்லாக் அமெரிக்காவில் உருவானது. இன்டர்குரோத்-21 அட்டவணைக்கு எட்டு இடங்களில் கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்தார்கள். நம் நாட்டின் நாக்பூர் அதில் ஒன்று. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணையிலும் இந்தியப் பெண்கள் இருக்கிறார்கள். எதை எடுத்தாலும் சரி. ஒரே பெண்ணுக்கு நடுவில் மாற்றக்கூடாது. போன முறை ஒரு சென்டரில் ஒரு அட்டவணை, இந்த முறை வேறு சென்டரில் வேறு அட்டவணை என்றால், குழந்தை சீராக வளரும்போதே கோடு இறங்கியதுபோல் தெரியும்.

மறு ஸ்கேன் எப்போது

ஒரு புள்ளியை வைத்துக் கோடு போட முடியாது. வளர்கிறதா என்று தெரிய இரண்டாவது ஸ்கேன் வேண்டும். ஆனால் மறு வாரமே ஓடாதீர்கள். இந்தப் பருவத்தில் குழந்தை வாரத்துக்கு 200 கிராம் வாக்கில் ஏறும். ஸ்கேனின் தவறே கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கும். ஒரு வாரத்தில் 50 கிராம்தான் ஏறியிருக்கிறது என்று வந்தால் அதற்கு எந்த அர்த்தமும் இல்லை. அளவுகளுக்கான மறு ஸ்கேனுக்குக் குறைந்தது 14 நாள் இடைவெளி வேண்டும்.

இந்த விதி அளவுகளுக்கு மட்டும். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரையும் பனிக்குட நீரின் அளவையும் நாளைக்கே கூடத் திரும்பப் பார்க்கலாம். இரண்டையும் குழப்பிக்கொண்டு, “இரண்டு வாரம் கழிச்சு வரச் சொன்னாங்க” என்று அசைவு குறைந்த பிறகும் வீட்டில் காத்திருப்பவர்கள் உண்டு. அது ஆபத்து.

டாப்ளர்: வாய்க்காலில் தண்ணீர் எப்படி ஓடுகிறது

சென்டைல் என்பது கதிரின் உயரம். டாப்ளர் வாய்க்காலைப் பார்ப்பது. வாடும் குழந்தையையும் சின்னக் குழந்தையையும் பிரிப்பதில் பாதிக்கு மேல் இங்கேதான் நடக்கிறது. கிறிஸ்டியன் டாப்ளர் 1842-இல் எழுதியது இரட்டை நட்சத்திரங்களின் நிறத்தைப் பற்றி. தொப்புள்கொடியை அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

முதலில் பார்ப்பது தொப்புள்கொடித் தமனி. குழந்தையின் இதயம் ரத்தத்தை நஞ்சுக்கொடிக்குத் தள்ளும் குழாய் இது. திரையில் மலை, பள்ளம், மலை, பள்ளம் என்று அலை ஓடும். மலை, இதயம் சுருங்கும் நேரம். பள்ளம், அது ஓய்வெடுக்கும் நேரம். நஞ்சுக்கொடி நன்றாக இருந்தால் எதிர்ப்பு குறைவாகவே இருக்கும்; இதயம் ஓய்வெடுக்கும்போதும் ரத்தம் முன்னோக்கி ஓடிக்கொண்டே இருக்கும். பள்ளம் அடிக்கோட்டைத் தொடாமல் உயரத்தில் நிற்கும்.

நஞ்சுக்கொடிக்குள் இருக்கும் நுண்குழாய்கள் அடைபட ஆரம்பித்தால் பள்ளம் ஆழமாகும். ரிப்போர்ட்டில், எதிர்ப்பைக் காட்டும் பி.ஐ. என்ற எண் கூடும். கிட்டத்தட்ட 30 சதவீதம் குழாய்கள் போன பிறகுதான் இந்த எண் மாறவே தொடங்குகிறது. 60, 70 சதவீதம் போனால் பள்ளம் அடிக்கோட்டைத் தொட்டுவிடும்: இதயத்தின் ஓய்வு நேரத்தில் ஓட்டமே இல்லை. அதற்கும் மேலே போனால் பள்ளம் கோட்டுக்குக் கீழே இறங்கும். நஞ்சுக்கொடிக்குப் போக வேண்டிய ரத்தம் திரும்பி வருகிறது. ரிப்போர்ட்டில் ‘ஆப்சென்ட்’ என்றோ ‘ரிவர்ஸ்டு’ என்றோ எழுதியிருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

அடுத்தது எம்.சி.ஏ., குழந்தையின் மூளைக்குப் போகும் தமனி. ஏரியில் தண்ணீர் குறைந்தால் விவசாயி என்ன செய்வார்? மற்ற மடைகளை அடைத்துவிட்டு நாற்றங்காலுக்குத் திருப்புவார். குழந்தையும் அதையே செய்கிறது. மூளைக்கும் இதயத்துக்கும் மடையைத் திறந்துவிட்டு, கல்லீரல், சிறுநீரகம், குடல், கால் ஆகியவற்றுக்கு அடைத்துவிடுகிறது. கல்லீரல் சுருங்கினால் ஏ.சி. குறைகிறது. சிறுநீரகத்துக்கு ரத்தம் குறைந்தால் சிறுநீர் குறைகிறது. பனிக்குட நீரில் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தான் என்பதால் ‘தண்ணி கம்மி’ ஆகிறது. ரிப்போர்ட்டில் தனித்தனி வரிகளாகத் தெரியும் ஏ.சி. குறைவு, நீர் குறைவு, எம்.சி.ஏ. மாற்றம் மூன்றும் ஒரே விவசாயியின் வேலை. அதனால்தான் “தண்ணி கம்மின்னா இளநி குடிங்க” என்பதோடு விஷயம் முடிந்துவிடாது.

நீரை இரண்டு விதமாக அளப்பார்கள். ஆழமான ஒரு பகுதி 2 செ.மீ.-க்குக் குறைந்தாலோ, நாலு பகுதிகளின் கூட்டுத்தொகையான ஏ.எஃப்.ஐ. 5-க்குக் குறைந்தாலோ அது குறைவு.

மூளைக்கு மடை திறந்தால் எம்.சி.ஏ.-வின் பி.ஐ. குறையும். அதைத் தொப்புள்கொடியின் பி.ஐ.-யால் வகுத்தால் வருவது சி.பி.ஆர். நம் உதாரணப் பெண்ணுக்கு 32 வாரத்தில் டாப்ளர் எல்லாம் சரி. 34 வாரத்தில் எடை 1,850. இரண்டு வாரத்தில் 420 ஏற வேண்டியது 270 ஏறியிருக்கிறது. கொடியின் பி.ஐ. 1.12, மேல் எல்லைக்குக் கொஞ்சம் கீழே, ‘நார்மல்’ என்றே அச்சாகியிருக்கிறது. எம்.சி.ஏ. பி.ஐ. 1.05. வகுத்தால் 0.94. ஒன்றுக்குக் கீழே வந்தாலே சரியில்லை. கொடி நார்மல் என்ற வரியைப் படித்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் இதைத் தவறவிட்டிருப்போம். மாமியாரின் ரெண்டேகால் கிலோ கதை இந்தக் குழந்தைக்குப் பொருந்தாது.

32 வாரத்துக்கு முன்னால் வரும் வாட்டமும் பின்னால் வரும் வாட்டமும் வேறு வேறு ஜாதி என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். முன்னால் வருவது அபூர்வம், ஆனால் கடுமையானது. கொடியில் படிப்படியாகத் தெரியும். பெரும்பாலும் தாயின் ரத்தக்கொதிப்பும் கூடவே வரும். பின்னால் வருவது அடிக்கடி நடப்பது. கொடி கடைசி வரை நார்மலாகவே இருக்கலாம், எம்.சி.ஏ. மட்டும் காட்டிக்கொடுக்கும். முன்னதில் குழந்தை மிகவும் முன்கூட்டியே பிறந்துவிடுமே என்பது பயம். பின்னதில் கவனிக்காமலே விட்டுவிடுவோமே என்பது பயம்.

மூன்றாவது, குழந்தையின் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் டக்டஸ் வீனோசஸ் என்ற சிறு சிரை. 32 வாரத்துக்கு முன் கொடி மோசமாக இருக்கும்போது இதைப் பார்ப்பார்கள். இதில் ‘ஏ’ அலை என்று ஒரு சிறு தாழ்வு இருக்கும். அது அடிக்கோட்டைத் தொட்டாலோ கீழே இறங்கினாலோ குழந்தையின் இதயமே திணறுகிறது என்று பொருள். ஐரோப்பாவின் 20 மையங்களில் 26 முதல் 32 வாரப் பெண்களிடம் நடந்து, இரண்டு வயது முடிவுகள் 2015-இல் வெளியான ‘ட்ரஃபிள்’ ஆய்வு, இவ்வளவு சீக்கிரம் வரும் வாட்டத்தில் இந்த அலையையும் கணினி வழி இதயத்துடிப்புப் பதிவையும் சேர்த்துப் பார்த்துக் காத்திருப்பதே நல்லது என்ற வழக்கத்துக்கு அடித்தளம் போட்டது.

காரணத்தையும் தேடுங்கள்

ஸ்கேனுக்கு வந்த பெண்ணுக்கு ரத்த அழுத்தம் பார்க்காமல் அனுப்பக்கூடாது. 140/90 தாண்டினால், சிறுநீரில் புரதம் இருந்தால், கதை குழந்தையோடு நிற்காது. ரத்தசோகை, புகை, புகையிலை, தாயின் நாட்பட்ட நோய்கள் எல்லாம் கேட்க வேண்டியவை. 24 வாரத்துக்கு முன்பே குழந்தை மிகச் சிறியதாக இருந்தாலோ, உறுப்புகளில் கோளாறு தெரிந்தாலோ, குரோமோசோம் பரிசோதனையும் சி.எம்.வி. போன்ற தொற்றுகளுக்கான பரிசோதனையும் பேசப்படும். உறுப்புகளைப் பார்க்கும் ஐந்தாம் மாத அனாமலி ஸ்கேன் சரியாகப் பார்க்கப்பட்டதா என்று ஃபைலைத் திருப்பிப் பாருங்கள்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை, எப்போது பிரசவம்

குழந்தை சிறியது, டாப்ளர் எல்லாம் சரி என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். கொடியின் பி.ஐ. கூடியிருந்தால் வாரம் ஒருமுறை. ஓய்வு நேர ஓட்டம் இல்லை என்றால் வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை. பெரும்பாலும் அட்மிட் செய்துவிடுவார்கள். ஓட்டம் திரும்பினால் ஆஸ்பத்திரியில் வைத்துத் தினமும்.

பிரசவத்துக்கான வாரமும் இதே படிக்கட்டில்தான் இறங்குகிறது. வழிகாட்டு நெறிகளுக்குள்ளேயே ஒரு வாரம் முன்பின் வேறுபாடு உண்டு; ஏறத்தாழ இப்படி:

3 முதல் 10 சென்டைலுக்குள், எல்லாம் சரி: 38 முதல் 39 வாரம்.
3-க்குக் கீழே, அல்லது கொடியின் பி.ஐ. கூடியது: 36 முடிந்து 38-க்குள்.
எம்.சி.ஏ., சி.பி.ஆர். மட்டும் மாறியது: 37, 38 வாக்கில்.
ஓய்வு நேர ஓட்டம் இல்லாதது: 32 முதல் 34.
ஓட்டம் திரும்பியது: 30 முதல் 32.
டக்டஸ் வீனோசஸ் ‘ஏ’ அலை போனது: 26 வாரத்துக்கு மேல் என்றால் பெரும்பாலும் உடனே.

இதயத்துடிப்புப் பதிவு மோசமானாலோ, தாயின் ரத்தக்கொதிப்பு கைமீறினாலோ இந்தப் பட்டியல் செல்லாது.

34 வாரத்துக்கு முன் பிரசவம் வரும் என்று தெரிந்தால் குழந்தையின் நுரையீரலுக்காக ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். நம் அரசு மருத்துவமனைகளில் டெக்சாமெத்தசோன் 6 மி.கி. வீதம் 12 மணிக்கு ஒருமுறை நாலு ஊசி. 32 வாரத்துக்கு முன் என்றால் மூளைப் பாதுகாப்புக்கு மக்னீசியம் சல்ஃபேட்டும் சேரும். எங்கே பிறக்கிறது என்பது எப்படிப் பிறக்கிறது என்பதைவிட முக்கியம். 1,200 கிராம் குழந்தையைப் பிறந்த பிறகு 108-இல் ஏற்றிக்கொண்டு ஓடுவதைவிட, வயிற்றுக்குள் இருக்கும்போதே பச்சிளங்குழந்தை ஐ.சி.யு. உள்ள சீமாங் மையத்துக்கோ (அரசின் அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தை சிகிச்சை மையம்) மருத்துவக் கல்லூரிக்கோ தாயை அனுப்புவது எவ்வளவோ மேல். தாயின் வயிற்றைவிட நல்ல இன்குபேட்டர் ஆம்புலன்ஸில் கிடையாது.

வளர்ச்சி குறைவு என்றாலே சிசேரியன் என்று நினைக்க வேண்டாம். டாப்ளர் சரியாக இருந்தால் இதயத்துடிப்பைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டே சுகப்பிரசவத்துக்கு முயலலாம். கொடியில் ஓட்டம் நின்றிருந்தால் பெரும்பாலும் சிசேரியன்தான். வலி எடுக்கும்போது குறையும் ஆக்ஸிஜனை அந்தக் குழந்தை தாங்காது.

நடுவில் வீட்டில் என்ன செய்வது

புரதப் பவுடர், ஆர்ஜினின் சாஷே, அமினோ அமில டிரிப்ஸ் என்று மருந்துச் சீட்டு நீளும். நஞ்சுக்கொடி பழுதான பிறகு இவை குழந்தையை வளர்க்கும் என்பதற்கு நம்பும்படியான சான்று இல்லை. முழுநேரப் படுக்கை ஓய்வுக்கும் அப்படித்தான். அது காலில் ரத்தம் கட்டும் அபாயத்தைத்தான் கூட்டும். தாய் இளைத்திருந்தால் நன்றாகச் சாப்பிட வேண்டும், ரத்தசோகை இருந்தால் இரும்புச் சத்து மாத்திரையைத் தவறவிடக்கூடாது, புகையிலையை நிறுத்த வேண்டும். செலவில்லாத கண்காணிப்பு ஒன்று உண்டு: அசைவு. உங்கள் குழந்தையின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். அது குறைந்தால், நேற்றைய ஸ்கேன் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இன்றே, ராத்திரியானாலும், கிளம்புங்கள். விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, ரத்தப்போக்கு இவற்றுக்கும் அதேதான்.

பிறந்த பிறகு

வாடிப் பிறந்த குழந்தைக்குச் சேமிப்பில் சர்க்கரையும் கொழுப்பும் இருக்காது. முதல் நாள்களில் ரத்தச் சர்க்கரை இறங்கும், உடம்பு சில்லிடும். முதல் மணி நேரத்திலேயே தாய்ப்பால், நெஞ்சோடு அணைத்துக் கங்காரு பராமரிப்பு, சர்க்கரைப் பரிசோதனை மூன்றையும் கேட்டு வாங்குங்கள். நஞ்சுக்கொடியை நோய்க்குறியியல் பரிசோதனைக்கு அனுப்ப முடியுமா என்றும் பிரசவத்துக்கு முன்பே கேட்டுவையுங்கள்; பிறகு கேட்டால் அது குப்பைக்குப் போயிருக்கும்.

ஸ்கேன் ஃபைலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அடுத்த முறை கர்ப்பம் உறுதியானதும் முதல் விசிட்டிலேயே அதைக் கொண்டுபோய் நீட்டுங்கள். குறைந்த அளவு ஆஸ்பிரின் தேவையா என்று முடிவெடுக்க 16 வாரத்துக்கு முன்புதான் நல்ல சமயம். ஏழாம் மாதத்தில் ஃபைலைத் தேடி எடுத்துப் பயனில்லை.